பலகைத் தளமும் சாணித் தரையும்

சரித்திரம் எழுதுவோரின் கண்கள் பெரும்பாலும் மேல் நோக்கியே செல்கின்றன. கோபுரங்களையும் கொடிக்கம்பங்களையும் கோட்டை மதில்களையும் அரண்மனை விதானங்களையும் அவர்கள் அளந்து எழுதி வைத்திருக்கிறார்கள். மனிதன் பிறந்து விழுவதும், தவழ்வதும், உண்பதும், உறங்குவதும், இறுதியில் கிடத்தப்படுவதும் எந்தத் தரையின் மீதோ, அந்தத் தரையைப் பற்றி அவர்கள் அதிகம் பேசியதில்லை. ஆயினும் தரைக்கும் ஒரு சரித்திரம் உண்டு. அதில் யார் நின்றார்கள், யார் குனிந்து துடைத்தார்கள், யாருடைய காலில் பாதரட்சை இருந்தது, யாருடைய கால் வெறுங்காலாக இருந்தது என்பனவெல்லாம் பதிந்து கிடக்கின்றன. இலங்கையின் மலைநாட்டில் ஒரே ஒரு பள்ளத்தாக்கை எடுத்துக்கொண்டு அந்தச் சரித்திரத்தை நாம் சிறிது புரட்டிப் பார்ப்போம்.

ஹட்டனிலிருந்து டிக்கோயா வழியாகப் பொகவந்தலாவைக்குச் செல்லும் பாதையில் அமைந்தது நோர்வூட். கெஹெல்கமு ஓயா பாயும் அந்தப் பள்ளத்தாக்கில், நாலாயிரம் அடி உயரத்தை ஒட்டிய சரிவுகளில், பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் தேயிலை பரந்து கிடக்கிறது. உல்லாசப் பிரயாணிகளுக்காக அச்சிடப்படும் படங்களில் இந்தக் கம்பளத்தைத்தான் நாம் காண்கிறோம். கம்பளத்தின் மேட்டில் ஒரு துரை பங்களா. பள்ளத்தில் நீண்ட லயங்கள். இரண்டுக்கும் இடையே நடந்தால் சில நிமிஷத் தூரந்தான். ஆனால் ஒரு தரையிலிருந்து மறு தரைக்கு வந்து சேர ஒரு நூற்றாண்டுக்கு மேலாகியும் நடந்து முடியவில்லை.

1824ஆம் ஆண்டில் கம்பளைக்கு அருகே ஜார்ஜ் பேர்ட் என்பவர் கோப்பித் தோட்டம் திறந்த நாள் தொட்டு, தென்னிந்தியத் தமிழ்க் கிராமங்களிலிருந்து ஏழைகள் இந்த மலைகளுக்கு வரலாயினர். கோப்பிக்கு ஆள் தேவைப்பட்டது முக்கியமாகப் பழம் பறிக்கும் பருவத்துக்கு. பருவம் முடிந்ததும் பலர் ஊர் திரும்பினர். ஆகவே அவர்களுக்கென்று போடப்பட்ட குடியிருப்பு, பறவை ஓரிரு மாதம் தங்கிப் போகும் கூடு போன்றதே என்று தோட்டக்காரர்கள் கணக்கிட்டார்கள். டிக்கோயாப் பிரதேசத்தின் காடுகள் 1860களிலும் 1870களிலும் கோப்பிக்காக வெட்டி எரிக்கப்பட்டன. ஆனால் 1869இல் இலங்கையில் தோன்றிய கோப்பி இலைத்துரு நோய் அந்தப் பயிரையே தின்று தீர்த்தது. 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் பயிரிட்ட தேயிலை, கோப்பி விட்டுச் சென்ற இடத்தைப் பிடித்துக்கொண்டது. 1884இல் ஹட்டனுக்கு ரயில் வந்தது.

இங்கே ஒரு மாறுதலை நாம் கூர்ந்து நோக்க வேண்டும். தேயிலைக் கொழுந்துக்கு ஓய்வு நாள் கிடையாது. வருஷம் முழுவதும் தளிர்க்கும். தளிர்த்ததை ஒரு வார இடைவெளியில் கிள்ளியாக வேண்டும். எனவே வந்து போகும் ஆண்கள் போதவில்லை. ஆண், பெண், குழந்தை என்று குடும்பம் குடும்பமாக நிரந்தரமாய் நிலைகொள்ளும் உழைப்பு தேவைப்பட்டது. உழைப்பு நிரந்தரமாயிற்று. உற்பத்தி நிரந்தரமாயிற்று. துரையின் பங்களாவும் நிரந்தரக் கட்டடமாயிற்று. ஆனால் தொழிலாளியின் தரை மட்டும் கோப்பிக் காலத்துத் தற்காலிகத் தரையாகவே இருந்துவிட்டது. மலையகத்தின் இல்லற வாழ்வைப் பற்றிய எந்தக் கேள்விக்கும் விடை தேட இந்த முரண்பாட்டிலிருந்துதான் நாம் தொடங்க வேண்டும்.

முதலில் மேட்டுக்குப் போவோம்.

மலைநாட்டுப் பங்களாக்கள் பலவற்றில் அறைகளின் தளம் பலகையால் ஆனது. தேக்கு, பலா முதலிய வைரம் பாய்ந்த மரங்களை அறுத்து, நன்றாய் உலர்த்தி, ஒன்றோடொன்று நெருக்கிப் பொருத்தி அடித்த தளம் அது. அதை நேராக மண்ணின் மீது விரிப்பதில்லை. கருங்கல் அத்திவாரத்தை உயர்த்தி, அதன் மேல் விட்டங்களைக் குறுக்கே போட்டு, விட்டங்களின் மேல் பலகை அடிப்பார்கள். பலகைக்கும் மண்ணுக்கும் இடையே வெற்றிடம் இருக்கும். அந்த வெற்றிடத்தில் காற்றோட்டம் இருக்கும்படி அத்திவாரச் சுவரில் சிறு துவாரங்கள் விடுவார்கள். மண்ணின் ஈரம் பலகையைத் தொடாதபடி காற்றே காவல் காக்கும். மேலே நடப்பவன் காலுக்கு மரத்தின் இளஞ்சூடு. குளிர்காய அறை மூலையில் கணப்பு. மலைக் குளிரையும் மழை ஈரத்தையும் வெல்லும் வகை அக்காலத்துக் கட்டடக் கலைக்குத் தெரியாததன்று என்பதற்கு இந்தத் தளமே சாட்சி.

பலகைத் தளம் குழந்தையைப் போன்றது. நாள்தோறும் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். மரம் வெட்டுண்ட பின்னும் மூச்சு விடுவதை நிறுத்துவதில்லை. தென்மேற்குப் பருவ மழை தொடங்கியதும் காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்துப் பலகை விம்மும். வறட்சியிலும் கணப்பின் அனலிலும் சுருங்கி இடைவெளி காட்டும். ஆகையால் அதன் மேல் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவுவது பெரும் பிழை. முதலில் மணலும் தூசியும் அகலும்படி மெல்லிய துடைப்பத்தால் பெருக்க வேண்டும். ஒரு மணற்பருக்கை பாதரட்சைக்கு அடியில் அகப்பட்டால் பலகையில் கீறல் விழுந்துவிடும். பின்னர் நன்றாகப் பிழிந்த ஈரத்துணியால் மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே துடைத்து, உடனே உலர்ந்த துணியாலும் துடைக்க வேண்டும். வெளியே அத்திவாரத் துவாரங்களைச் சருகும் மண்ணும் அடைத்துக்கொள்ளாதபடி கவனிக்க வேண்டும். அவை அடைபட்டால் கீழே விட்டங்கள் உளுக்கும், கறையான் ஏறும். மேலே எவ்வளவு பளபளப்பு ஏற்றினாலும் பயனில்லை.

பளபளப்பு ஏற்றுவது தனிக் கலை. தேன்மெழுகைச் சீவி ஒரு பாத்திரத்தில் இட்டு, அந்தப் பாத்திரத்தைக் கொதிநீரில் வைத்து உருக்கி, அடுப்பை விட்டு அப்பால் எடுத்துச் சென்று கற்பூரத் தைலம் கலப்பார்கள். தைலம் தீப்பற்றும் பொருளாதலால் நெருப்பின் அருகே கலப்பது ஆபத்து. ஆறிக் குழம்பாகியதும், துணியில் சிறிதளவே தொட்டு மரத்தில் தேய்ப்பார்கள். அதிகம் பூசினால் பிசுபிசுத்துத் தூசியைப் பிடித்துக்கொள்ளும். ஓரிரு மணி நேரம் ஊறவிட்டு, பிறகு தேய்த்து மினுக்க வேண்டும். இதற்குச் சீமையிலிருந்து கருவி எதுவும் வரவில்லை. குறுக்கே வெட்டிய அரைத் தேங்காய் மட்டை. அதன் நார் முனை கீழே. அதன் மேல் ஒரு கால். இடுப்பை ஒடித்து ஒடித்து, முன்னும் பின்னுமாக அந்தக் காலை இழுத்து அறை முழுவதும் ஆடி முடிக்க வேண்டும். பிற்காலத்தில் மான்ஷன் பொலிஷ் டப்பாக்கள் வந்து மெழுகு காய்ச்சும் வேலையைக் குறைத்தன. தேங்காய் மட்டைக்கும் காலுக்கும் ஓய்வு கொடுக்க எந்த டப்பாவும் வரவில்லை.

அந்தக் கால் யாருடையது? பங்களா வேலைக்கு எடுக்கப்பட்ட தொழிலாளியின் கால். துரை பாதரட்சையோடு நடந்த தளத்தை வெறுங்காலோடு மினுக்கிய கால்.

இடையில் வேறொரு செய்தியையும் சொல்லிவிடத் தோன்றுகிறது. கொதிக்க வைத்து வடித்த தேயிலைச் சக்கையை இங்கிலாந்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டு இல்லத்தரசிகள் எறிந்துவிடுவதில்லை. ஈரச் சக்கையைக் கம்பளத்தின் மீதும் தரையின் மீதும் தூவச் செய்து, அதன் பின்னரே வேலைக்காரப் பெண்களைப் பெருக்கச் சொல்வார்கள். ஈரச் சக்கையில் தூசி ஒட்டிக்கொள்ளும், பறக்காது. குடும்ப நிர்வாகம் பற்றிய அக்காலத்து நூல்கள் இதனைச் சிபாரிசு செய்கின்றன. ஆக, மலைநாட்டுப் பெண் மழையில் நனைந்து கிள்ளிய கொழுந்து, லண்டனில் கோப்பைக்குப் பயன்பட்டது போக, வீட்டுத் தரைக்கும் பயன்பட்டது. பயன்படாத தரை ஒன்று உண்டென்றால் அது அந்தப் பெண்ணுடைய தரைதான்.

இனிப் பள்ளத்துக்கு இறங்குவோம்.

வரிசையாக அடித்த அறைகளை ஆங்கிலத்தில் 'லைன்' என்றார்கள். தமிழ் நாவில் அது லயனாகி, லயமாயிற்று. சங்கீதக்காரர்களின் லயத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. குதிரை கட்டும் லாயத்தின் ஓசை இதில் கேட்பது தற்செயல்தான் என்றாலும், பொருத்தமற்ற தற்செயலன்று. ஒரு குடும்பத்துக்கு ஒரு காம்பரா. அதன் அளவு பொதுவாகப் பத்தடிக்குப் பன்னிரண்டடி. முன்னால் இஸ்தோப்பு என்று ஒரு சிறு திண்ணை. முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை லயங்களில் ஒவ்வொரு காம்பராவுக்கும் ஒரே பக்கந்தான் வெளி. பின்பக்கத்தில் சன்னலுக்கு இடமில்லை. சரிவை வெட்டிக் கட்டிய லயங்களிலோ பின்னாலுள்ள மண்மேட்டின் நீரெல்லாம் சுவருக்குள் கசியும். அத்திவாரத்தை உயர்த்தவில்லை, காற்றுத் துவாரம் விடவில்லை. மேட்டுப் பங்களாவில் பலகைக்கு அளித்த பாதுகாப்பைக்கூடப் பள்ளத்தில் மனிதருக்கு அளிக்கவில்லை.

தரை வெறும் மண். அதை வீடாக்கியவர்கள் பெண்கள்.

திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து வந்த நம் பெண்கள் கையோடு கொண்டு வந்த செல்வம் சாணமிட்டு மெழுகும் வித்தை. களிமண்ணைக் குழைத்துப் பரப்பி, திமிசுக்கட்டையால் இடித்து இறுக்கி, மேலே சாணக் கரைசலைக் கையால் பிறை பிறையாக இழுத்து மெழுகுவது அது. சாணத்திலுள்ள புல் நார் களிமண்ணைப் பிணைத்து வெடிக்காமல் காக்கும். சிலர் அடுப்புக் கரியைப் பொடித்துச் சேர்த்துக் கருமை ஏற்றுவார்கள். வெள்ளிக்கிழமை தோறும், பண்டிகைக்கு முன்னும், பிள்ளைப்பேற்றுக்குப் பின்னும் மெழுகுவார்கள். காவிரிக் கரையின் வெயிலில் அந்தத் தரை ஒரு நாழிகையில் காய்ந்து, கண்ணாடி போல் வழுவழுத்து, நடுப்பகலில் படுத்தால் உடலுக்குக் குளிர்ச்சி தரும். வெயில் நாட்டுக்கு ஏற்ற அறிவு அது. அதனை அநாகரிகம் என்று இகழ்பவர்கள் வெயிலையும் அறியாதவர்கள், களிமண்ணையும் அறியாதவர்கள்.

ஆனால் நோர்வூட்டில் வெயில் எங்கே? மே மாதம் தொடங்கிச் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவம் சீறும். காலையில் மெழுகிய தரை மாலையிலும் ஈரமாகவே கிடக்கும். மறுநாளும் காயாது. பூஞ்சணம் பூக்கும். நனைந்த கம்பளியோடும் இடுப்பில் கட்டிய ஈரச் சாக்கோடும் கொழுந்து மலையிலிருந்து திரும்புபவர்களின் காலடி பட்ட மாத்திரத்தில் மெழுக்குப் பெயர்ந்து சேறாகும். அந்தச் சேற்றின் மேல் சாக்கை விரித்து, சாக்கின் மேல் பாயை விரித்து, பாயின் மேல் குழந்தைகளைக் கிடத்த வேண்டும். அதே காம்பராவில் அடுப்பு. கவ்வாத்து வெட்டிய தேயிலை மிலாறுதான் விறகு. அதுவும் முழுக்கக் காய்ந்தது கிடைக்காது. புகை கூரைத் தகரத்தில் மோதித் திரும்பிக் கண்ணில் இறங்கும். ஆயினும் அந்தப் புகையையும் அவர்கள் வீணாக்கவில்லை. ஈரத் தரையைச் சிறிதேனும் உலர்த்த அந்த அடுப்பின் அனல் ஒன்றே துணை.

இத்தனைக்கும் நடுவே அவர்கள் வீட்டை அழகு செய்தார்கள் என்பதை நாம் மறந்துவிடலாகாது. இஸ்தோப்பின் விளிம்புக்குச் சுண்ணாம்புக் கோடு. வாசலில் கோலம். பழைய தகர டப்பாவில் பூஞ்செடி. சுவரின் விரிசலை மறைக்கப் பத்திரிகைத் தாள்கள், அவற்றின் மேல் சுவாமி படமும் பிற்காலத்தில் தலைவர்களின் படமும். மழைத் தண்ணீர் உள்ளே வராதபடி வாசற்படிக்குக் கல் அடுக்கினார்கள். விடியலுக்கு முன்னே எழுந்து, பிரட்டுக் களத்துக்கு ஓடி, நாள் முழுவதும் கூடை சுமந்து, மாலையில் கொழுந்து நிறுத்து முடித்த பிறகு எஞ்சிய நேரத்தில் செய்தவை இவை. சுகமாக வாழ வேண்டும் என்ற ஆசை மனிதனுக்குச் சோறு போன்றது. அது மேட்டில் மட்டுமே பிறக்கும் என்று எண்ணியது ஏகாதிபத்தியத்தின் கண் நோய்.

தோட்டத் தொழிலாளிக்குச் சுத்தமாக வாழத் தெரியாது, நல்ல வீடு கொடுத்தால் பாழாக்கிவிடுவான் என்ற வாதத்தை நாமும் கேட்டிருக்கிறோம். படித்த தமிழர்களின் வாயிலும் கேட்டிருக்கிறோம். பலகைத் தளத்தைப் பழுது படாமல் காப்பாற்றிய கைகள் யாருடையவை? அத்திவாரத் துவாரத்துச் சருகை அகற்றியது யார்? எந்த மரம் எந்த மாதத்தில் விம்மும் என்று அறிந்தது யார்? பராமரிப்புக் கலை முழுவதும் லயத்து மனிதரின் கையில் இருந்தது. பராமரிப்பதற்கு ஒரு தரை அவர்களிடம் இல்லை. இந்த உண்மையை வாதம் செய்வோர் வசதியாக மறைத்துவிடுகிறார்கள்.

தொழிலாளியின் தரை அதிகாரிகளின் கண்ணில் பட்டது நோயின் வாயிலாகத்தான். 1872 முதல் தோட்டங்களின் வைத்தியத் தேவைக்கெனச் சட்டங்கள் இயற்றப்பட்டன. 1912இல் அவை திருத்தி விரிவாக்கப்பட்டன. 1916ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் ராக்பெல்லர் ஸ்தாபனத்தார் இலங்கைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கத்தைத் தொடங்கியபோது, ஆரம்பத்தில் பரிசோதிக்கப்பட்ட தொழிலாளரில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் அந்தப் புழுவைச் சுமந்திருக்கக் கண்டனர். ஈரமும் நிழலும் உள்ள மண்ணில் அந்தப் புழுவின் குஞ்சுகள் வாழும். வெறுங்காலின் தோலைத் துளைத்து உள்ளே புகும். குடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சும். மலசலகூடம் இல்லாத லயமும், பாதரட்சை இல்லாத காலும் புழுவுக்கு விருந்து வைத்தன. மருந்து கொடுத்தார்கள், மருந்து கொடுத்தவனை மீண்டும் அதே மண்ணில் நிறுத்தினார்கள். புழு திரும்பி வந்தது. இரத்தம் குறைந்த தொழிலாளி கொழுந்தும் குறைவாகத்தான் எடுப்பான் என்ற கணக்கு அந்த இயக்கத்தின் பிரசாரத்திலேயே இருந்தது. அதாவது, முதலாளியிடம் மனிதனைப் பற்றிப் பேசக் கொழுந்தைப் பற்றிப் பேச வேண்டியிருந்தது.

காலப்போக்கில் லயங்கள் பலவற்றில் மண்ணின் மேல் சீமெந்து பூசினார்கள். அது முன்னேற்றந்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் உயர்த்தாத அத்திவாரத்தின் மீது மெல்லிசாக இழுத்த சீமெந்து மழைக்காலத்தில் வியர்க்கும். குளிர்ந்து எலும்பைத் தொடும். சில ஆண்டுகளில் வெடித்து, வெடிப்பில் ஈரம் ஏறும். வெடிப்பை அடைக்கும் பொறுப்பு யாருடையது? காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம். வசிப்பவனுக்கு உரிமை கிடையாது. தோட்டம் பழுது பார்க்காது. தொழிலாளி தன் கைக்காசில் பழுது பார்த்தால், நாளை அவனை வெளியேற்றும்போது அந்தச் சீமெந்தைச் சுருட்டி எடுத்துப் போக முடியுமா?

நமது விஷயத்தின் ஆணிவேர் இங்கேதான் இருக்கிறது. தோட்டத்தில் வேலை இருக்கும் வரைதான் தரை. பிரெடெரிக் எங்கெல்ஸ் 1845இல் இங்கிலாந்துத் தொழிலாளரின் நிலையைப் பற்றி எழுதிய நூலில், ஆலை முதலாளியே வீட்டுக்காரனுமாக இருக்கும் முறையின் கொடுமையை விவரித்தார். வேலைநிறுத்தம் செய்தவனுக்குக் கூலி மட்டுமன்றிக் கூரையும் போய்விடும் என்பதே அதன் சாரம். மான்செஸ்டர் ஆலைகளைப் பற்றி அவர் கண்டது, மலைநாட்டுத் தோட்டங்களில் இன்னும் இறுக்கமான உருவத்தில் நிலவியது. மான்செஸ்டர்த் தொழிலாளிக்கு அடுத்த தெரு ஒன்று இருந்தது. லயத்துத் தொழிலாளிக்கு அடுத்த தெரு கிடையாது. அடுத்த தோட்டந்தான் உண்டு.

ஆகவேதான் தொழிற்சங்கத்தின் தோற்றம் தரையின் சரித்திரத்தில் ஒரு பெரிய திருப்பம். கோ. நடேசய்யர் 1931இல் ஹட்டனைக் கேந்திரமாகக் கொண்டு அகில இலங்கைத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார். அவரும் மீனாட்சியம்மையும் பேச்சாலும் பாட்டாலும் தோட்டங்களை எழுப்பினர். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிஸாரின் குண்டுக்கு இரையானார். 1946இல் கேகாலைப் பகுதியின் நேவ்ஸ்மியர் தோட்டத்தைக் கிராம விஸ்தரிப்புக்கென அரசு எடுத்துக்கொண்டது. நிலமற்ற சிங்கள விவசாயிக்கு நிலம் கொடுக்க வேண்டியது நியாயமே. ஆனால் அதற்காக அங்கே பிறந்து வளர்ந்த தமிழ்த் தொழிலாளரைக் காம்பராக்களை விட்டு வெளியேறச் சொன்னார்கள். தொழிலாளர் அசைய மறுத்தனர். ஆதரவு வேலைநிறுத்தம் பரவியது. கூலி உயர்வுக்காக அல்ல, தம் காலடியில் இருந்த தரைக்காக நடந்த அந்தப் போராட்டம் நம் பாடப் புத்தகங்களில் எங்கே இருக்கிறது என்று ஆசிரிய நண்பர்களைக் கேட்கிறோம். இரண்டு ஏழைகளை ஒரே நிலத்தின் மேல் மோதவிட்டு நிலப்பிரபு ஒதுங்கி நிற்கும் தந்திரத்தையும் அந்த மாணவர்கள் அதில் கற்றுக்கொள்ளலாமே!

1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது; மறு ஆண்டு வாக்குரிமையும் பறிபோயிற்று. 1964 அக்டோபரில் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்தேகால் இலட்சம் பேரை இந்தியாவுக்கும் மூன்று இலட்சம் பேரை இலங்கைக்கும் என்று பங்கு பிரித்தது. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரின் பங்கீடு 1974இல் நடந்தது. நாடற்றவன் எந்தத் தரையைப் பழுது பார்ப்பான்? கப்பலுக்கு நாள் குறிக்கப்பட்ட குடும்பம் எந்தச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கும்? போனவர்களில் ஒரு பகுதியினருக்காக நீலகிரியில் தமிழ்நாட்டு அரசு 1968 முதல் தேயிலைத் தோட்டங்களை அமைத்தது. அங்கும் அவர்களை வரவேற்றவை வரிசை வீடுகளே. 1972லும் 1975லும் நிலச் சீர்திருத்தச் சட்டங்கள் தோட்டங்களை அரசுடைமையாக்கின. வெள்ளைத் துரை போய்க் கறுப்புத் துரை வந்தார். பங்களாவின் தளம் மினுங்கிக்கொண்டே இருந்தது. 1992இல் நிர்வாகம் கம்பனிகளுக்குக் கைமாறியது. எஞ்சியிருந்த நாடற்றோருக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் பிரஜாவுரிமை வழங்கியது. பிரஜாவுரிமை வந்த பின்னும் 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் ஒரு பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபைகள் பணம் செலவிடத் தடையாய் நின்றது. லயத்து வாக்காளர் தெரிந்தெடுத்த சபை, லயத்து வாசலுக்கு ஒரு வடிகால் வெட்ட முடியாத விசித்திரம் அது. 2018இல்தான் அது திருத்தப்பட்டது.

இன்று நோர்வூட்டின் மேட்டிலும் பள்ளத்திலும் என்ன நடக்கிறது? 2005இல் இந்தப் பள்ளத்தாக்கின் பழைய துரை பங்களாக்கள் சில 'சிலோன் டீ ட்ரெயில்ஸ்' என்ற பெயரில் உல்லாச விடுதிகளாயின. நோர்வூட் பங்களாவும் அவற்றுள் ஒன்று. பழைய கட்டடத்தை இடித்துத் தள்ளாமல் காப்பாற்றுவது நல்ல காரியமே. மரத்தளமும் கணப்பும் சரித்திரத்தின் பகுதிகள் அல்லவா? ஆனால் பங்களாவைச் சரித்திரச் சின்னமாகப் போற்றும் நாட்டில், லயத்தை எவரும் போற்ற வேண்டாம். அதில் மனிதர் வாழும்படி விடாமலிருந்தாலே போதும். அப்படி விட்டிருக்கிறோம். மலையகக் குடும்பங்கள் பெருந்தொகையில் இன்னும் அந்தப் பத்துக்குப் பன்னிரண்டு அறைகளிலேயே வாழ்கின்றன. பிள்ளைகள் வளர்ந்து மணமுடிக்கும்போது, இஸ்தோப்பை மறைத்து இன்னோர் அறை. காம்பராவின் நடுவே சேலையால் ஒரு தடுப்பு.

2017 மே 12ஆம் தேதி இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி நோர்வூட்டுக்கு வந்தார். முன்னரே ஒப்புக்கொள்ளப்பட்ட 4,000 வீடுகளுக்கு மேலாக 10,000 வீடுகள் கட்டித் தருவதாக அங்கே கூடிய பெருங்கூட்டத்தில் அறிவித்தார். ஒரு குடும்பத்துக்கு 7 பேர்ச்சஸ் நிலம். அதில் 550 சதுர அடித் தனி வீடு. 7 பேர்ச்சஸ் என்பது ஏறக்குறைய 1,900 சதுர அடி. காம்பராவின் 120 சதுர அடியோடு இதனை ஒப்பிட்டுப் பாருங்கள்.

நம் தோழர்கள் சிலர் இங்கே எங்கெல்ஸையே மேற்கோளாகக் கொண்டு ஆட்சேபிக்கிறார்கள். 1872இல் வீட்டுப் பிரச்சினை குறித்து எழுதிய கட்டுரைகளில் அவர், தொழிலாளிக்குச் சிறு வீட்டுடைமை அளிப்பது அவனை ஆலையோடு பிணைக்கும் விலங்காகும் என்று எச்சரித்தது உண்மை. ஆனால் லயத்துத் தொழிலாளி வீடு இல்லாமலே பிணைக்கப்பட்டவன். அவனுக்குச் சொந்தத் தரை விலங்கு அல்ல, விலங்கின் சாவி. காணி உறுதி கையில் இருந்தால் தோட்டத்தில் வேலை செய்தாலும் செய்யாவிட்டாலும் அந்தத் தரை அவன் தரை. மகள் ஆசிரியை ஆகலாம். மகன் கொழும்பிலிருந்து திரும்பலாம். ஒருவரும் பிரட்டுக்குப் போகாவிட்டாலும் வாசல் கதவு திறந்திருக்கும். தோட்டத் துரைத்தனங்கள் நிலம் பிரித்துக் கொடுக்கத் தயங்குவதன் காரணமும் இதுவே என்பது நம் கருத்து.

அப்படியானால் வீட்டைக் காட்டிலும் உறுதி முக்கியம். முந்திய காலங்களில் கட்டிய தனி வீடுகள் பலவற்றில், கடனும் உழைப்பும் கொடுத்துக் குடியேறியவர்களின் கையில் உறுதி வந்து சேராமல் ஆண்டுகள் கழிந்தன. உறுதியில்லாத வீட்டில் தரை எவ்வளவு பளபளத்தாலும் அது நீண்ட லயத்தின் இன்னொரு காம்பராவே. புது வீடுகளைக் கட்டுவோர் மேட்டுப் பங்களாவிடமிருந்து கற்கக்கூடியதும் உண்டு: அத்திவாரத்தை உயர்த்துங்கள், சரிவின் நீர் சுவரைத் தொடாதபடி பின்புறம் ஆழமான கான் வெட்டுங்கள், புகை வெளியேறப் புகைபோக்கி வையுங்கள், காற்றுக்கு எதிரெதிரே சன்னல் விடுங்கள். நூற்றாண்டுக்கு முன்பே ஒரு மலைக்காற்றுக்கு இன்னது வேண்டும் என்று கண்டறிந்தவை இவை. புதிய அறிவு எதுவும் தேவையில்லை.

தரையை எப்படி வைத்துக்கொள்வது என்று அந்த வீடுகளின் பெண்களுக்கு எவரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அவர்களுடைய பாட்டிமார் சாணத்தையும் அறிந்தவர்கள், தேன்மெழுகையும் அறிந்தவர்கள். 2023இல், மலையக மக்களின் 200 ஆண்டுகளை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தவர்கள் முன்வைத்த கோரிக்கைகளில் வீடும் காணியும் முதன்மையாக இருந்தன. நோர்வூட்டில் அறிவித்த பத்தாயிரம் வீடுகளில் முதல் 1,300 வீடுகளுக்கு 2024 பெப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள்.